வெட்டுக்கூலி

செயற்குழுக் கடிதத்தில் அவனுக்குப் பெயரில்லை.
'சுரூபத்தின் அடிப்பகுதியை அகற்றித் தரவும்.'
திருவிழா ஜூலை இருபத்தைந்து.
ஊர்வலத்துக்கு பாலாயில் இன்னும் பெர்மிட் தரவில்லை.

பத்து வருடமாக நான்தான் சாயம் அடிக்கிறேன்,
கார் பட்டறையில் மிஞ்சியதை வைத்து.
குதிரைக்கு புரோட்டோன் வெள்ளை.
சந்தியாகப்பர் மேலங்கிக்கு பஸ் கம்பெனிச் சிவப்பு.
வாளுக்கு, ரிம்முக்கு அடிக்கும் வெள்ளி.
குதிரைக்குக் கீழே கிடப்பவனுக்கு
லயத்துக் கதவுகளுக்கு வாங்கி மீந்த பழுப்பு.
அவன் தலைப்பாகை என்ன நிறம் என்று
யாரும் கேட்டதில்லை. கைக்கு வந்ததைப் பூசுவேன்.

சேசுராயன் அண்ணன் குரலைத் தாழ்த்தினார்:
"அவன் ஒரு மூர்க்காரன், தங்கச்சி.
எவனாவது படம் பிடித்துப் போட்டால்
நாளைக்கே கேட்டில் கூட்டம் நிற்கும்.
நம்ம சாமி இந்த ஊரில் யாரையும் வெட்டவில்லை.
இருந்தாலும்."

பள்ளி வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு படம் இருந்தது:
மலாக்கா, கப்பல்கள், பாய்களில் சிலுவை.
பரீட்சைக்கு ஆண்டு மட்டும் போதும் என்றார்கள்.

சுவிசேஷத்தில் தேடினேன்.
செபதேயுவின் மகன், படகில்
வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்தவன்.
குதிரை எங்கேயும் இல்லை.
வலை முடிந்த கையில் வாளை வைத்தது யார்
என்று பாதர் ஓங்கைக் கேட்டேன்.
"ஸ்பெயினில் தேவைப்பட்டது" என்றார்.
அது போதவில்லை என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும்,
கண்ணாடியைக் கழற்றி
நெடுநேரம் துடைத்தார்.

பீடத்தின் பின்னால் பித்தளைத் தகடு:
துரையின் பெயர், கம்பெனியின் பெயர், 1911, உபயம்.
கோயில் அலமாரியில் அந்த வருடத்துச் செக்ரோலும் இருக்கிறது,
யாரும் தூக்கிப் போடாததால்.
ஆளுக்கு மாதம் மூன்று காசு பிடித்தம்,
ஆறு மாதம், 'சாமிக்கு'.
பக்கத்தில் ஞானஸ்நானப் பதிவேடு.
அதே கிராணி, அதே மை.
இன்னாசி. சவேரி. பிலவேந்திரன்.
பிலவேந்திரனுக்கு நேராக
இரண்டு ஏட்டிலும் ஒரே சொல்:
ஓடிப்போனான்.

பக்கத்து டயர் கடை ஹஷிம் ஜாக்கி கொண்டுவந்தான்.
குனிந்து முகத்தைப் பார்த்தான்.
"இது யாரு?"
"தெரியல."
"உன் மச்சான் மாதிரி இருக்கு."
சிரித்தோம். மூக்கு அப்படித்தான்.
ஹஷிமுக்கும் கிட்டத்தட்ட அதே பழுப்பு.

குதிரையும் சாமியும் பாண்டிச்சேரியிலிருந்து வந்த தேக்கு.
கீழே இருந்தவன் இங்கேயே செதுக்கியவன் போல,
செங்கால் மரம், தண்டவாளத்துக்குப் போடுகிற கட்டை.
கிரைண்டரில் இரண்டு பிளேடு உடைந்தது.
மூன்றாவது பிளேடு
இடுப்பைத் தாண்டித் தோளுக்கு வந்தபோது
குதிரை தலைகுப்புற என் மேல் சாய்ந்தது.
ஹஷிம் கழுத்தைக் கட்டிப் பிடித்துக் கத்தினான்.
வாள் போய் கம்ப்ரஸரில் இடித்து வளைந்தது.

முன்னங்கால் இரண்டும் அவன் மேல்தான் ஊன்றியிருக்கின்றன.
வேறு முட்டு எதுவும் கிடையாது.
நூறு வருடச் சப்பரம், பூமாலை, பிடரி, சாமி
எல்லாம் அந்தத் தோளில்.

பெர்மிட் இருபத்து நாலாம் தேதி மாலை வந்தது.
ஜாக்கியை இறக்கவே முடியவில்லை.
நீல வெல்வெட்டால் மூடி
அதோடு கூடத்தான் ஊர்வலம் போனது,
செம்பனை லாரிகள் ஒதுங்கி வழிவிட,
ரோந்துக் கார் முன்னால் விளக்குச் சுழற்றிப் போக.
நன்றாக இருந்தது என்றார்கள்.
தூக்கியவர்கள் மட்டும், இந்த வருடம் கனம் அதிகம் என்றார்கள்.

பில் எழுதினேன்:
வெட்டுக்கூலி நூற்றெண்பது வெள்ளி.
பிளேடு இரண்டு.
ஜாக்கி வாடகை, ஹஷிம் வாங்கவில்லை.
அடிப்பகுதி என் வசம்.

பழைய பம்பர்களுக்கு நடுவில் சாய்த்து வைத்திருக்கிறேன்.
குளம்பு நின்ற இடத்தில், தோளில் ஒன்று, இடுப்பில் ஒன்று,
இரண்டு பள்ளம்.
பத்து வருடத்தில் என் பிரஷ் அங்கே போனதே இல்லை.
மரம் அங்கே மட்டும்
சிவப்பாக இருக்கிறது.